155ஆம் கட்டை: எங்கிருந்து 155?

இலங்கையின் வடக்கே, கிளிநொச்சியில், ஏ9 வீதியோரமாக 155ஆம் கட்டை என்றொரு இடம் உண்டு. கட்டை என்றால் வீதியோரத்தில் நடப்பட்ட தூரக்கல். பஸ்ஸில் ஏறுபவர் அந்தப் பெயரைச் சொல்லிப் பணத்தை நீட்டுகிறார், நடத்துநரும் மறுகேள்வி கேட்காமல் மிச்சக் காசைக் கொடுக்கிறார், கலியாணக் கடிதத்தில் மணமகன் வீட்டு முகவரியாகவும் அது அச்சாகிறது. நான் மாலை நேரத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளிடம், அந்த 155 எங்கிருந்து எண்ணப்பட்டது என்று ஒருநாள் கேட்டேன். பலர் கொழும்பு என்றார்கள், சிலர் யாழ்ப்பாணம் என்றார்கள். அந்த இடத்துக்கு மிக அருகில் குடியிருக்கும் மாணவி ஒருத்தி, "அது சும்மா ஒரு பேர்தானே, சேர்" என்றாள்.

விடை கண்டி. ஏ9 கண்டியில் தொடங்கி மாத்தளை, தம்புள்ளை, மிகிந்தலை, மதவாச்சி வழியாக வவுனியாவுக்கு வந்து, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு ஆகியவற்றைக் கடந்து யாழ்ப்பாணத்தில் முடிகிற, 321 கிலோமீற்றர் நீளமான வீதி. 155 என்பது கிலோமீற்றர் அல்ல, மைல். 155 மைல் ஏறக்குறைய 249 கிலோமீற்றர் ஆகும். ஆகவே அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு இன்னும் 72 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. யாழ்ப்பாண நகரத்தில் இதே வீதிக்குக் கண்டி வீதி என்று பெயர் இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், வீதி எந்தத் திசையிலிருந்து எண்ணப்பட்டது என்பது பெயரிலேயே வெளிப்படையாகக் கிடந்திருக்கிறது என்பது விளங்கும். நாள்தோறும் வாயில் புழங்கும் ஓர் எண், தன்னைச் சொல்பவருக்கு நாட்டின் படத்தில் ஒரு புள்ளியாகத் தெரியாமல் வெறும் ஓசையாக நின்றுவிடுகிறது. நாட்டின் அடிப்படைப் புவியியல் நமக்குத் தெரியவில்லை என்று சொல்லப்படும்போது உண்மையில் எது தெரியவில்லை என்பதை இந்த ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டே விளக்கலாம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்ற வேண்டும். புவியியல் தெரியாதவர் என்றால் ஊர்ப்பெயர் தெரியாதவர் என்று நாம் நினைக்கிறோம். யாழ் குடாநாட்டுக்குத் தெற்கே விரியும் எங்கள் வன்னியில் அப்படிப்பட்டவரைக் கண்டுபிடிப்பது கடினம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வாழ்ந்த ஒரு தலைமுறைக்கு எந்தக் குளக்கட்டால் போனால் எந்த ஊர் வரும், எந்த ஆற்றை மாரியில் கடக்க முடியாது, எந்தக் காட்டுப் பாதையில் உழவு இயந்திரம் புதையும் என்பதெல்லாம் கால்களிலேயே பதிந்திருக்கிறது. அவர்களிடம் இருப்பது வழியறிவு: இன்ன இடத்திலிருந்து புறப்பட்டால் அடுத்து இன்ன சந்தி, அதற்கு அங்காலை இன்ன கோயில் என்று, நூலில் மணி கோத்ததுபோல ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் அறிவு. இதற்கு அப்பால் இன்னோர் அறிவு உண்டு. மேலே பறக்கும் பறவை பார்ப்பதுபோல, இடங்களை ஒன்றுக்கொன்று எத்திசையில், எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்று ஒரே பார்வையில் காணும் அறிவு அது. அதைப் படவறிவு என்போம். அப்படி ஒருவர் மனத்தில் வைத்திருக்கும் படமே மனப்படம். 1948ஆம் ஆண்டில் எட்வர்ட் டோல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், சிக்கலான பாதைகளில் ஓடவிடப்பட்ட எலிகள்கூட இடம், வலம் என்று திரும்பும் ஒழுங்கை மட்டும் பழகாமல், அந்த இடத்தின் அமைப்பையே ஒருவகைப் படமாக மனத்தில் கட்டிக்கொள்கின்றன என்று எழுதினார். மனப்படம் என்ற கருத்து உளவியலில் பரவியதில் அந்தக் கட்டுரைக்குப் பெரும் பங்குண்டு.

வழியறிவு தாழ்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. உயிரைக் காப்பாற்றியது அதுதான். ஆயினும் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அது நாம் போன பாதைகளைப் பற்றி மட்டுமே பேசும், போகாத இடத்தைப் பற்றி ஊமையாகிவிடும். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணமும் தெரியும், திருகோணமலையும் தெரியும் என்பவரிடம், இரண்டில் எது கிட்ட என்று கேட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணம் என்பவர்கள் பலர் இருப்பார்கள். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வீதியால் ஏறக்குறைய 140 கிலோமீற்றர். திருகோணமலைக்கு நூறுக்கும் குறைவு. அநுராதபுரமோ இவ்விரண்டையும்விட மிகக் கிட்ட இருக்கிறது. உறவு, மொழி, கல்வி, வழிபாடு எல்லாம் வடக்கு நோக்கி இழுப்பதால் தூரமும் அந்தப் பக்கம் சுருங்கிவிடுகிறது.

மனப்படம் இப்படிக் கோணிப்போவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. 1978இல் ஸ்டீவன்ஸ், கூப் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கர்களிடம் ரீனோ நகரம் சான் டியாகோவுக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டார்கள். சான் டியாகோ இருக்கும் கலிபோர்னியா மேற்குக் கரை மாநிலம், ரீனோ இருக்கும் நெவாடா அதற்குக் கிழக்கே உள்ள மாநிலம். ஆகவே ரீனோவும் கிழக்கே இருக்கிறது என்றே பெரும்பாலும் விடை வந்தது. உண்மையில் ரீனோ சான் டியாகோவுக்கு மேற்கே இருக்கிறது. நகரத்தின் இடத்தை நினைவில் வைப்பதற்குப் பதிலாக, நகரம் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்பதை நினைவில் வைத்து, பெட்டியின் திசையை நகரத்துக்கும் கொடுத்துவிடுகிறோம்.

நமது பெட்டிகள் மாகாணங்கள். திருகோணமலை கிழக்கு மாகாணம், அம்பாந்தோட்டை தென் மாகாணம். ஆகவே திருகோணமலை நாட்டின் கிழக்கு ஓரத்திலும் அம்பாந்தோட்டை கீழ்நுனியின் நடுவிலும் இருப்பதாக மனம் வரைந்துகொள்கிறது. படத்தை விரித்துப் பார்த்தால், அம்பாந்தோட்டை திருகோணமலைக்கு ஏறக்குறைய நேர்தெற்கே இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலான கிழக்கு மேற்கு வேறுபாடு பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான். வவுனியா வட மாகாணத்தின் தென்கோடி, திருகோணமலை கிழக்கு மாகாணத்தின் தலைநகரம் என்றாலும், வவுனியா திருகோணமலையைவிடச் சற்றே வடக்கில்தான் இருக்கிறது. ஆனால் அந்த வேறுபாடு இருபது கிலோமீற்றர் அளவுதான் என்பதைக் கேட்டால் பலர் நம்புவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து நேர்தெற்கே ஒரு கோடு இழுத்தால் அது நாட்டின் நடுவால் போகாது. மேற்குக் கரையோரமாகவே சென்று களுத்துறை மாவட்டத்தின் பேருவளைக்கு அருகில் கடலுக்குள் இறங்கும். முல்லைத்தீவிலிருந்து அப்படியொரு கோடு இழுத்தால் அது நுவரெலியாவைத் தொட்டுச் செல்லும். 1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் எனது வகுப்பில் இருக்கிறார்கள். தங்கள் பாட்டன் பிறந்த மலை தங்களுக்கு நேர்தெற்கே இருக்கிறது என்பதை அவர்கள் முதன்முதலாக அறிந்தபோது, அளவுகோலைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார்கள்.

தமிழ் படிப்பவர்களுக்கென்றே இன்னொரு தடுமாற்றமும் உண்டு. மேல் மாகாணம் என்ற பெயரைக் கேட்கும் சிறு பிள்ளை, சுவரில் தொங்கும் படத்தின் மேற்பக்கத்தைப் பார்க்கிறது. அங்கே இருப்பது யாழ்ப்பாணம். தமிழில் மேல் என்பது மேற்கையும் கீழ் என்பது கிழக்கையும் குறித்த பழைய வழக்கு. மேற்கில் மலைத்தொடர் உயர்ந்தும் கிழக்குநோக்கி நிலம் தாழ்ந்தும் இருக்கும் தமிழகத்தின் தரையமைப்பிலிருந்து அது வந்தது என்று விளக்கம் சொல்வார்கள். வடக்கை மேலே வைத்து வரையும் படமுறை மிகப் பிந்தி வந்தது. இரண்டும் ஒரே சொல்லில் மோதும்போது வடமேல் மாகாணம் என்பது வடக்கு உச்சியில் இருக்கும் மாகாணம் என்று ஒரு மாணவன் விடை எழுதினால், அவனுடைய தமிழில் பிழையில்லை என்றுதான் நான் சொல்வேன். வடமேல் என்றால் வடமேற்கு. குருநாகலும் புத்தளமும் அடங்கியது அது.

இனிப் பரப்பளவு. இலங்கையின் மொத்தப் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். தமிழகத்தின் பரப்பு ஏறக்குறைய 1,30,000 சதுர கிலோமீற்றர். ஆக நமது நாடு தமிழகத்தில் பாதி. வட மாகாணத்தின் பரப்பு 8,884 சதுர கிலோமீற்றர். இதில் யாழ்ப்பாண மாவட்டம் 1,025 மட்டுமே. கிளிநொச்சி 1,279, வவுனியா 1,967, மன்னார் 1,996, முல்லைத்தீவு 2,617. வடக்கு என்றாலே யாழ்ப்பாணம் என்று தென்னிலங்கையில் நினைக்கிறார்கள் என்று நாம் குறைப்படுவதுண்டு. புலம்பெயர்ந்த நம்மவர்களில் எத்தனை பேர் அப்படியே நினைக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மக்கள்தொகையில் யாழ்ப்பாணம் முதலிடம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நிலத்தில் அது வட மாகாணத்தின் எட்டில் ஒரு பங்கைவிடக் குறைவு. மிச்சம் முழுவதும், குடாநாட்டைப் பெருநிலத்தோடு இணைக்கும் ஆனையிறவுக்கு இங்காலை இருக்கிறது, ஒரு துண்டைத் தவிர. அந்தத் துண்டு எதுவென்று விளக்க, எல்லைகளைப் பற்றிப் பேச வேண்டும்.

எல்லை என்ற சொல்லால் நாம் மூன்று வேறு பொருள்களைக் குறிக்கிறோம். ஒன்று தரை தானே வகுத்த எல்லை: கடல், ஆறு, ஏரி. இரண்டாவது நிர்வாக எல்லை: 9 மாகாணங்கள், 25 மாவட்டங்கள். மூன்றாவது தேர்தல் எல்லை: 22 தேர்தல் மாவட்டங்கள். இவை ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பளையை உள்ளடக்கிய பச்சிலைப்பள்ளிப் பிரிவு தரையமைப்பால் யாழ் குடாநாட்டில் இருக்கிறது, நிர்வாகத்தால் கிளிநொச்சி மாவட்டத்தில் இருக்கிறது. கிளிநொச்சி மாவட்டம் நிலத்தால் வன்னிப் பெருநிலப்பரப்பின் பகுதி, ஆனால் பாராளுமன்றத் தேர்தலில் அது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்கிறது. வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும்தான். மாந்தை மேற்கு மன்னாரில் இருக்க, மாந்தை கிழக்கு முல்லைத்தீவில் இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் மாவட்டம் என்ற கட்டத்துக்கு எதிரே பேனாவை வைத்துக்கொண்டு தயங்கும் ஒருவரை அறிவிலி என்று நினைத்துவிடக் கூடாது. அவர் மூன்று படங்களில் எதைக் கேட்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கலாம்.

இந்த எல்லைகள் பழமையானவையும் அல்ல. 1833இல் ஆங்கிலேயர் தீவை ஐந்து மாகாணங்களாகப் பிரித்தபோது, இன்றைய அநுராதபுரப் பகுதி வட மாகாணத்துக்குள்தான் இருந்தது. 1873இல் வடமத்திய மாகாணம் உருவாக்கப்பட்டபோது அது பிரிந்தது. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல், கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்தது 1984இல். என்னுடைய வயதையொத்தவர்கள் பள்ளியில் மனப்பாடம் செய்த மாவட்டப் பட்டியலும் எங்கள் பிள்ளைகளின் பட்டியலும் ஒன்றல்ல. பட்டியலை மட்டும் பிடித்துக்கொண்டவர் மாற்றம் வரும்போது தொலைந்துபோகிறார்.

வழக்கமாகப் பொது அறிவுப் போட்டிகளில் தடுக்கி விழும் இரண்டு கேள்விகளையும் இந்த இடத்திலேயே முடித்துவிடலாம். நாட்டின் நிர்வாகத் தலைநகரம் ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டை. அங்கே புதிய பாராளுமன்றக் கட்டடம் 1982இல் திறக்கப்பட்டது. கொழும்பு வணிகத் தலைநகரம். மிக உயரமான மலை பீதுருதலாகலை, 2,524 மீற்றர். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர்தான், அதன் கூம்பு வடிவமும் புகழும் அதை உயர்த்திக் காட்டுகின்றன. இவை தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் உலகம் அழியாது.

ஆனால் ஆறுகளைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். வன்னியின் தரை பார்வைக்குச் சமதரைபோல் இருந்தாலும் நடுவே தாழ்வான ஒரு மேட்டு முதுகு இருக்கிறது. ஏ9 வீதியும் புகையிரதப் பாதையும் பெரும்பாலும் அதை ஒட்டியே வருகின்றன. அந்த முதுகிலிருந்து பாலியாறும் பறங்கியாறும் மேற்குக் கடலுக்கு ஓடுகின்றன, பேராறு கிழக்கே முத்தையன்கட்டை நிரப்பிச் செல்கிறது, கனகராயன் ஆறு வடக்கு நோக்கி ஓடி இரணைமடுவில் தேங்குகிறது. இரணை என்றால் இரட்டை. இரணைதீவு, இரணை இலுப்பைக்குளம் என்னும் பெயர்களிலும் இதே சொல்தான். மடு, மோட்டை, முறிப்பு, கட்டு, குளம் என்று நமது ஊர்ப்பெயர்கள் முடிவதெல்லாம் நீர் எங்கே நின்றது, எங்கே உடைத்தது, எங்கே கட்டப்பட்டது என்ற குறிப்புகள். அவற்றைப் படத்தில் அடையாளமிட்டால் நீரோட்டத்தின் உருவம் தானாகத் தெரியத் தொடங்கும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, கிளிநொச்சியில் அவ்வளவு மழை பெய்யாமலே இத்தனை தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டவர்கள் இருந்தார்கள். தெற்கே மாங்குளம், கனகராயன்குளப் பக்கத்துக் காடுகளில் பெய்தது வடக்கே வந்தது. மழை வானத்திலிருந்து விழுந்தாலும் வெள்ளம் பக்கத்து ஊரிலிருந்துதான் வரும்.

இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு அருவியாறு. மன்னாரில் கட்டுக்கரைக்குளத்துக்குத் தேக்கம் அணைக்கட்டின் வழியாக நீர் கொடுப்பது அதுதான்; மன்னாரின் நெல் அதை நம்பியிருக்கிறது. வானொலியில் மழைக்காலத்தில், மல்வத்து ஓயாவின் நீர்மட்டம் உயர்கிறது, தாழ்நிலங்களில் இருப்போர் அவதானமாக இருக்க வேண்டும் என்ற நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அறிவித்தல் வரும். அது அநுராதபுரத்துச் சிங்கள ஊர் எதையோ பற்றியது என்று நினைத்து வானொலியின் ஒலியைக் குறைத்த ஒரு விவசாயியை எனக்குத் தெரியும். மல்வத்து ஓயாவும் அருவியாறும் ஒரே ஆறு. இறிற்றிகலைப் பக்கத்தில் பிறந்து, அநுராதபுர நகரத்தைக் கடந்து, செட்டிகுளம், மடு, நானாட்டான், முசலிப் பகுதிகளால் வந்து மன்னார் வளைகுடாவில் சேரும் 164 கிலோமீற்றர் நீளமான அந்த ஆறு, மகாவலிக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது நீளமான ஆறு. மாகாண எல்லையில் அதன் பெயர் மாறுகிறது, தண்ணீர் மாறுவதில்லை. அநுராதபுரத்தில் பெருமழை என்ற செய்தி, ஓரிரு நாளில் நானாட்டான் வயலுக்கு வரப்போகும் செய்தி.

இவ்வளவு தேவையான அறிவு ஏன் இவ்வளவு மெலிந்து கிடக்கிறது? நமக்கு மட்டும் உரிய குறை அல்ல இது. 2006இல் அமெரிக்காவில் 18 முதல் 24 வயதுவரையான இளைஞர்களிடம் நஷனல் ஜியோகிரபிக் நிறுவனம் நடத்திய ஆய்வில், தங்கள் சொந்த நாட்டுப் படத்திலே நியூயோர்க் மாநிலத்தைக் காட்ட முடியாதவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். வசதியும் வரைபடமும் அங்கே குறைவில்லை. ஆனால் வன்னிக்கென்று தனிக் காரணங்களும் உண்டு. நாட்டை அறிவதற்கு எளிய வழி நாட்டுக்குள் பயணம் செய்வது. ஏ9 வீதி 1990களில் மூடிக் கிடந்தது, 2002 போர்நிறுத்தத்தோடு திறந்தது, 2006 ஆகஸ்டில் மறுபடி மூடியது. ஓமந்தைக்கு அப்பால் ஒருமுறையும் போகாமலே பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகள் இருந்தார்கள். அந்த ஆண்டுகளில் வரைபடம் என்பது சோதனைச் சாவடியில் பையிலிருந்து எடுத்துக் காட்ட விரும்பும் பொருளாகவும் இருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தின் பங்கும் உண்டு. புவியியல் 6ஆம் தரத்திலிருந்து 9ஆம் தரம்வரை எல்லாரும் கற்கும் பாடம், க.பொ.த. சாதாரண தரத்தில் அது தெரிவுப் பாடமாகிவிடுகிறது. படம் குறித்தல் என்றால் வெற்றுப் படத்தில் பத்து இடங்களைக் குறித்து மதிப்பெண் வாங்குவது என்று மாணவர் பழகிவிடுகிறார். அந்தப் பத்து இடங்களுக்குமிடையே எவ்வளவு தூரம் என்று யாரும் கேட்பதில்லை. இப்போது கைத்தொலைபேசி வந்து, மிச்சமிருந்த தேவையையும் எடுத்துக்கொண்டது. அதிலுள்ள படம் நாம் திரும்பும் பக்கமெல்லாம் தானும் திரும்புகிறது, வடக்கு எப்பக்கம் என்ற கேள்விக்கே இடமில்லாமல், அடுத்த சந்தியில் இடப்பக்கம் திரும்பு என்கிறது. வழியறிவை அது வேகமாக்கியது. படவறிவை நமக்குப் பதிலாகத் தானே வைத்துக்கொண்டது.

மனப்படத்தைக் கட்டுவதற்கு அதிகம் வேண்டியதில்லை. நான் செய்விப்பது இதுதான். ஒரு தாளில் மாங்காய் வடிவில் தீவை வரைந்து, அதன் குறுக்கே சம இடைவெளியில் நான்கு கோடுகளை இழுக்கச் சொல்வேன். அவை 6, 7, 8, 9 ஆகிய வட அகலக்கோடுகள். 6ஆவது கோடு கீழ் விளிம்பில், காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை மூன்றையும் ஏறக்குறைய ஒட்டிப் போகும். 7ஆவது கோட்டில் கொழும்பு, நுவரெலியா, பதுளை மூன்றும் கிட்டத்தட்ட வரிசையாக நிற்கும். 8ஆவது, மேற்கே புத்தளத்தையும் நடுவே பொலன்னறுவையையும் அண்டிக் கிழக்கே வாழைச்சேனைப் பக்கத்தில் கரையைத் தொடும். 9ஆவது நமது கோடு: மன்னாரில் ஏறி, புளியங்குளத்துக்கு அருகால் வந்து, கொக்கிளாயில் கடலில் இறங்கும். யாழ்ப்பாணமும் பருத்தித்துறையும் இன்னொரு கோடு இழுத்தால் 10ஐ எட்டாத உயரத்தில் நிற்கின்றன. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடைத்தூரம் ஏறக்குறைய 111 கிலோமீற்றர். அவ்வளவுதான். கிளிநொச்சி 9.4 என்று தெரிந்தால் போதும், மாத்தறை எவ்வளவு தெற்கே என்பதைப் பிள்ளை பெருக்கிச் சொல்லிவிடும். நெடுங்கோட்டில் இரண்டே போதும்: யாழ்ப்பாணத்தால் போகும் 80, பொலன்னறுவையையும் பதுளையையும் ஒட்டிப் போகும் 81. இன்னும் நுட்பமாகப் பார்க்க விரும்புபவர் நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 படத்தாள்களில் தன் ஊருக்குரியதை வாங்கி, அதில் 2 சென்ரிமீற்றர் என்பது தரையில் 1 கிலோமீற்றர் என்ற கணக்கோடு தன் வளவிலிருந்து குளக்கட்டுவரை அளந்து பார்க்கலாம். பிறகு அதைச் சைக்கிளில் போய்ச் சரிபார்க்கலாம்.

கோடுகள் தாளில் மட்டும் இருப்பவை அல்ல என்பதைக் காட்ட ஆண்டுதோறும் ஒரு வாய்ப்பு வருகிறது. ஏப்ரல் 5ஆம் திகதியளவில் தொடங்கி, சூரியன் இன்ன ஊர்களுக்கு மேலே இன்று உச்சம் கொடுக்கும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் நாளுக்கொரு பட்டியல் வெளியிடும். பட்டியலைக் கேட்பவர்கள் வெயிலைப் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையில் ஒரு அகலக்கோட்டிலுள்ள ஊர்களின் பட்டியல். சூரியன் அந்நாள்களில் நாளொன்றுக்கு நாற்பது கிலோமீற்றர் அளவில் வடக்கே ஏறுகிறது. 6ஆவது கோட்டில் ஏறிய சூரியன் 9ஆவது கோட்டுக்கு வருவது ஏப்ரல் 13 அளவில், கிளிநொச்சிக்கு வருவது அதற்கு மறுநாள், ஏறக்குறையச் சித்திரைப் புத்தாண்டன்று. அன்று நண்பகலில் நட்டுவைத்த தடிக்கு நிழல் இருக்காது, வளவுக் கிணற்றின் அடித்தளத்தில் வெயில் நேராக விழும்.

நண்பகல் என்றால் 12 மணிக்குப் பார்க்கக் கூடாது. சென்ற ஆண்டு 12 மணிக்கே ஓடிப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்த மாணவர்கள், சுவரில் இன்னும் நிழல் இருக்கிறது என்று ஏமாற்றத்தோடு திரும்பினார்கள். இலங்கையின் நியம நேரம் 82½ பாகை நெடுங்கோட்டை வைத்துக் கணிக்கப்படுகிறது. அந்தக் கோடு தீவின் கிழக்குக் கரைக்கும் அப்பால், கடலுக்கு மேலால் போகிறது. அங்கிருந்து கிளிநொச்சிக்குச் சூரியன் வந்துசேர ஏறக்குறைய ஒன்பது நிமிடம் பிடிக்கும். 12 மணி 9 நிமிடத்துக்கு அவர்களை மறுபடி கிணற்றடிக்கு அனுப்பினேன்.